லயத்தில் எல்லோருக்கும் கேட்டது, தாளில் ஏறவில்லை: ஒரு நிகழ்வு ஆய்வு

கீழே வருவது ஏதோ ஒரு குடும்பத்தின் வரலாறு அன்று. மலேசியாவில் கீழ்ப் பேராக்கின் செம்பனை வட்டாரத்தில் திரும்பத் திரும்ப வருகிற நிகழ்வுகளின் கூறுகளைச் சேர்த்து, யாரையும் அடையாளம் காண முடியாதபடி அமைத்தது. சட்டமும் நடைமுறையும் மட்டும் உள்ளது உள்ளபடி.

குடும்பம்

மனைவிக்கு 34 வயது. நாற்றுமேடையிலும் மருந்தடிக்கும் கூட்டத்திலும் வேலை. கணவருக்கு 39, குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டுகிறார். மூத்த மகள் படிவம் 1 (இடைநிலைப் பள்ளி முதலாண்டு), இளைய மகனும் மகளும் தமிழ்ப்பள்ளியில். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டிய திருமணம். பதிவு இலாகாவுக்குப் போவதை ‘பிறகு பார்த்துக்கலாம்’ என்று தள்ளி வைத்து 14 வருடம் ஆகிவிட்டது. வீடு, தோட்ட நிர்வாகம் கணவர் பெயரில் கொடுத்த லயத்து (தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு) வீடு.

அந்த லயத்தில் தடுப்புப் பலகை கூரை வரை போவதில்லை. முதல் வாசலில் தட்டு விழுந்தால் ஆறாவது வாசலில் கேட்கும். சம்பளம் போட்ட இரவு இந்த வீட்டில் குரல் உயர்ந்தால் பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள். அடியை மறைக்க யாரும் முயலவில்லை. மறைக்கத் தேவையும் இருக்கவில்லை. ஊருக்கே தெரிந்த விஷயம் பாதுகாப்பாக மாறாமல் போனது ஏன் என்பதுதான் இங்கே கேள்வி. எங்கள் பார்வையில், தெரிந்தவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் கையில் இருந்த தாளில் எதை எழுதினார்கள், எதை விட்டார்கள் என்பதில் அதற்கான விடை இருக்கிறது.

முதல் தாள்: கோயில் அலுவலகம்

மூன்றாவது முறை அடி விழுந்தபோது மனைவியின் அண்ணன் கோயில் தலைவரிடம் போனார். இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். “பெரியவங்க முன்னால சொல்லுப்பா, இனிமே கை நீட்ட மாட்டேன்னு எழுதிக் குடு. நீயும் எதிர்த்துப் பேசாதம்மா, அவன் வேலை முடிஞ்சு வர்ற நேரம்.” பள்ளி நோட்டிலிருந்து கிழித்த தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள், இரண்டு சாட்சிகள்.

இந்தத் தாளின் கேடு, இரண்டு வாக்குறுதிகளையும் ஒரே தராசில் வைத்ததில் இருக்கிறது. அவர் அடிக்கக் கூடாது, இவர் வாய் திறக்கக் கூடாது. ஏடிஎம் அட்டையைத் திருப்பிக் கேட்ட அன்று இவர்தான் ஒப்பந்தத்தை மீறியவர் ஆனார். (அட்டை பற்றிய சண்டையைச் சில்லறை விவகாரம் என்று ஒதுக்க வேண்டாம். சட்டப்படியான குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 ரிங்கிட். அது மனைவியின் கணக்கில் விழுகிறது, அட்டை கணவர் சட்டைப் பையில். துணையின் பணத்தை நேர்மையின்றி எடுத்து அவரைத் தவிக்க விடுவதும், குடும்ப வன்முறைச் சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பிறகு, குடும்ப வன்முறையின் வரையறைக்குள் வருகிறது.)

நீதிமன்ற ஆணைக்குள்ள பலம் அந்தத் தாளுக்கு இல்லை. ஆனால் கணவர் தன் கைப்பட எழுதிய ஒப்புதல் என்ற அளவில், முன்பும் அடி நடந்தது என்று காட்ட அது பயன்பட்டிருக்கும். யாரும் அதை மனைவியிடம் சொல்லவில்லை, நகலும் கொடுக்கவில்லை. தேவைப்பட்டபோது மேசை இழுப்பறையில் வசூல் ரசீதுகள்தான் இருந்தன.

இரண்டாம் தாள்: டிரஸர் புத்தகம்

அடுத்த சம்பள இரவுக்கு மறுநாள், இடது புருவத்துக்கு மேல் வீக்கம், முழங்கையில் கன்றல். தோட்டத்து டிரஸர் (மருந்தக உதவியாளர்) மருந்து போட்டுவிட்டு, காரணம் எழுதும் கட்டத்தில் ‘விழுந்தது’ என்று எழுதினார். கணவரோடு பந்து விளையாடுகிற ஆள். குடும்ப விஷயத்தில் தலையிட்டதாக ஆகிவிடுமோ என்ற தயக்கம்.

‘கணவர் கையால் அடித்ததாக நோயாளி சொல்கிறார்’ என்று எழுதுவது யார் மீதும் குற்றம் சுமத்துவது ஆகாது. நோயாளி சொன்னதைச் சொன்னபடி பதிவதுதான் மருத்துவக் குறிப்பு. அதோடு காயம் எந்த இடத்தில், எத்தனை சென்டிமீட்டர், என்ன நிறம், வீக்கமா வெட்டா என்பதும் உடல் வரைபடத்தில் குறியும் இருந்தால் போதும். நிறத்தைப் பார்த்து ‘இது மூன்று நாள் பழசு’ என்று கணிக்கப் போக வேண்டாம். ஆளுக்கு ஆள் மாறும் கணக்கு அது, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைத்தான் முதலில் பிடிப்பார். கன்றல் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள் கழித்தே நன்றாகத் தெரியும். அதனால் படம் இரண்டு தடவை எடுக்க வேண்டும்: அன்றே ஒரு தடவை, இரண்டு நாள் கழித்து இன்னொரு தடவை, முகமும் காயமும் ஒன்றாகத் தெரியும் தூரத்தில் ஒன்று, அளவுகோல் வைத்து அருகில் ஒன்று.

அரசாங்க மருத்துவமனைக்குப் போயிருந்தால் வேறு வழி திறந்திருக்கும். அவசரப் பிரிவில் ஓ.எஸ்.சி.சி என்ற ஒரே இட நெருக்கடி மையம் இருக்கிறது. 1990-களில் கோலாலம்பூர் மருத்துவமனையில் தொடங்கி நாடு முழுக்கப் பரவிய ஏற்பாடு. தனியறையில் மருத்துவர் பார்ப்பார். போலீசையும் சமூகநல இலாகாவையும் அங்கிருந்தே தொடர்பு கொள்ளலாம். போலீஸ் புகார் கையில் இருந்தால்தான் சிகிச்சை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முதலில் மருத்துவம், பிறகு புகார்.

மூன்றாம் தாள்: புகார்

மனைவி காவல் நிலையத்துக்குப் போனது அதற்கு அடுத்த நாள். தானே தட்டச்சு செய்ய முடியாது. மலாயில் சொல்லத் தடுமாற்றம். மேசையில் இருந்தவர் கேட்டு எழுதினார். பத்து வரிகூட இல்லாத அந்தப் புகாரில் மூன்று பிழைகள்.

அடித்தவர் கணவர் என்பது எங்கேயும் வரவில்லை, பெயர் மட்டும் இருந்தது. அவர் அடித்தார் என்பதற்குப் பதில் ‘சண்டை போட்டுக்கொண்டோம்’ என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருந்தது. கடைசி வரி: ‘துஜுவான் லாப்போரான் உந்தோக் ருஜுக்கான் சஹாஜா.’ பதிவுக்காக மட்டும் என்று பொருள். மனைவி அப்படிக் கேட்கவில்லை. ‘கேஸ் போடணுமா, இல்ல பதிஞ்சு வச்சா போதுமா’ என்ற கேள்விக்கு, பிள்ளைகள் முகத்தை நினைத்து ‘பதிஞ்சு வச்சா போதும்’ என்றார்.

உறவைக் குறிப்பிடாததன் விளைவு சட்டத்திலேயே இருக்கிறது. குற்றவியல் சட்டம் பிரிவு 323, வேண்டுமென்றே காயம் விளைவித்தல்: ஓராண்டு வரை சிறை, அல்லது 2,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். தனியாக நின்றால் இது வாரண்டு இல்லாமல் கைது செய்ய முடியாத குற்றம். கோப்பு ‘மாஜிஸ்திரேட்டிடம் போய்க்கொள்ளுங்கள்’ என்ற பதிலோடு மூடப்படும். அதே அடி கணவன் மனைவிக்குள் என்று பதிவானால், 1994-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் (சட்டம் 521) சேர்ந்துகொள்கிறது. அதன் பிரிவு 18A, குடும்ப வன்முறை சம்பந்தப்பட்ட குற்றங்களை வாரண்டு இல்லாமல் கைது செய்யக்கூடியவையாக ஆக்குகிறது. குற்றவியல் சட்டம் பிரிவு 326A அதிகபட்சச் சிறைக் காலத்தை இரட்டிப்பாக்குகிறது. ‘என் கணவர்’ என்ற இரண்டு சொல் இல்லாததால் இவை எதுவும் அசையவில்லை.

ஆகவே புகாரில் இருக்க வேண்டியவை: நாள், நேரம், இடம், அடித்தவருக்கும் அடிபட்டவருக்கும் என்ன உறவு, கையா, பெல்ட்டா, எதனால், உடம்பில் எங்கே, பிள்ளைகள் எந்த அறையில் இருந்தார்கள், முன்பு எப்போதெல்லாம் நடந்தது, மிரட்டல் இருந்தால் அவர் வாயிலிருந்து வந்த சொற்கள் அப்படியே, தமிழிலேயே, வீட்டில் குலை வெட்டும் அரிவாள் இருக்கிறதா, களைக்கொல்லி இருக்கிறதா. கடைசி இரண்டையும் கேட்க யாருக்கும் தோன்றாது. தோட்டத்து வீட்டில் ஆயுதம் எப்போதும் கதவுக்குப் பின்னால் சாய்ந்தே நிற்கும். ‘மருந்து குடிச்சிருவேன்’ என்று கணவர் தன்னைப் பற்றிச் சொல்கிற மிரட்டலும் அபாய அறிகுறிதான். அதையும் எழுத வேண்டும்.

மலாய் வராதவர் தன் கைப்படத் தமிழில் எழுதி எடுத்துப் போய், உடன் வருபவர் அதைப் பார்த்துச் சொல்ல, எழுதி முடித்ததைப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் போடுவது நல்லது. பிழையான புகாரைத் திருத்த முடியாவிட்டாலும் கூடுதல் புகார் கொடுக்கலாம். முதல் புகாரின் எண்ணை அதில் குறிப்பிட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் இரண்டு கோப்புகளாகப் பிரிந்து போகும்.

கழுத்து

இரண்டு வாரம் கழித்துக் கணவர் கழுத்தைப் பிடித்தார். மூத்த மகள் கத்தியதும் விட்டார். காலையில் வெளியே தடயம் ஏதும் இல்லை. குரல் மட்டும் கம்மியிருந்தது, எச்சில் விழுங்க வலித்தது. மாமியார், “தொட்டதுக்கே போலீசுக்கு ஓடுவியா?” என்றார்.

கழுத்து நெரிப்பைச் சாதாரண அடிகளின் வரிசையில் வைக்கவே கூடாது. வெளியே ஒரு கீறலும் இல்லாமல் உள்ளே இரத்தக் குழாய் பாதிக்கப்படலாம். மணிக்கணக்கில், சில வேளை நாள்கணக்கில் கழித்தும் நிலைமை மோசமாகும். கண் வெள்ளையிலும் இமைக்குள்ளும் ஊசிமுனை அளவு சிவப்புப் புள்ளிகள், குரல் மாற்றம், விழுங்கும்போது வலி, சில நொடி நினைவு தப்பியது, அறியாமல் சிறுநீர் கழிந்தது ஆகியவற்றை மருத்துவர் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பதிய வேண்டும். துணைவரால் கழுத்து நெரிக்கப்பட்ட பெண்கள் பின்னர் அவராலேயே கொல்லப்படும் வாய்ப்பு ஏறக்குறைய 7 மடங்கு கூடுதல் என்று 2008-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. எந்தக் கோயில் கூட்டத்திலும் ‘இனிமே பார்த்துக்கலாம்’ என்று சொல்லக் கூடாத கட்டம் இது.

ஏழு நாள்

மூத்த மகளின் பள்ளி ஆலோசக ஆசிரியைதான் 15999-ஐ அழைத்தார். தாலியான் காசே என்னும் இந்த எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. 019-261 5999 என்ற எண்ணில் வாட்ஸ்அப்பும் உண்டு. ஆசிரியைக்குக் கண்ணில் பட்டது காயம் அன்று. மகள் இரவு தூங்காமல் தம்பி தங்கையைக் கதவுக்கு அந்தப் பக்கம் வைத்துக் காவல் இருந்துவிட்டு வகுப்பில் தூங்குவதைத்தான் அவர் கவனித்தார்.

சமூகநல அதிகாரி அவசரப் பாதுகாப்பு ஆணை பிறப்பித்தார். 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள இந்த ஆணைக்கு நீதிமன்றம் வேண்டாம், போலீஸ் புகாரும் வேண்டாம், கணவரைக் கூப்பிட்டு விசாரிக்கவும் வேண்டாம். விண்ணப்பித்த 2 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆயுள் 7 நாள்.

இந்த 7 நாளில்தான் பல நிகழ்வுகள் சறுக்குகின்றன. கையில் முத்திரை போட்ட தாள் வந்ததும் ‘ஆர்டர் கிடைச்சிருச்சு’ என்று பெண் வீடு திரும்புகிறார். எட்டாம் நாள் அது வெறும் தாள். அந்த வாரத்துக்குள் முறையான புகார், விசாரணை அதிகாரி சமூகநல இலாகாவுக்குத் தரும் கடிதம், அதிகாரியோடு மாஜிஸ்திரேட் முன் நிற்பது என்ற மூன்றும் முடிந்து, இடைக்காலப் பாதுகாப்பு ஆணை கையில் இருக்க வேண்டும். இங்கே ஐந்தாம் நாள் வரை கடிதம் வரவில்லை. மருத்துவ அறிக்கைக்குக் காத்திருப்பதாகப் பதில் வந்தது. விசாரணை நடந்துகொண்டிருந்தாலே இடைக்கால ஆணை கேட்கலாம், முழு மருத்துவ அறிக்கை அதற்கு நிபந்தனை ஆகாது. இதை உடன் சென்றவர் அமைதியாக, சட்டப் பிரிவைச் சொல்லிக் கேட்ட பிறகு கடிதம் வந்தது. ஆறாம் நாள் ஆணை.

அடுத்த சிக்கல் சார்பு செய்வது. ஆணை கணவர் கையில் சேர்ந்ததற்குப் பதிவு இல்லாவிட்டால் அவர் அதைத் தெரிந்தே மீறினார் என்று நிரூபிப்பது கடினம். அவர் வேறு டிவிஷனில் தம்பி வீட்டில் படுத்துக்கொண்டு, லயத்துக்கு வந்த போலீசுக்கு அகப்படவில்லை. மனைவி சொன்ன யோசனை எளிது: சம்பளம் வேண்டுமென்றால் விடிகாலைப் பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்புக்கு) வந்துதான் ஆக வேண்டும். பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும் நேரத்தில் கொடுத்தார்கள்.

இடைக்கால ஆணை விசாரணை முடியும்வரைதான். வழக்குப் பதிவானதும் பாதுகாப்பு ஆணைக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், அது தானாக வராது. அதன் காலம் 12 மாதம் வரை. மேலும் 12 மாதம் நீட்டிக்கலாம். இந்த ஆணையில் கணவர் 50 மீட்டருக்குள் வரக் கூடாது, தொலைபேசியில் தொடர்பு கொள்ளக் கூடாது, வீடு யார் பெயரில் இருந்தாலும் அதில் நுழையக் கூடாது என்றெல்லாம் நிபந்தனை போட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. கேட்டால்தான் போடுவார்கள். மீறினால் 2,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும். வன்முறையோடு மீறினால் 4,000 ரிங்கிட், ஓராண்டு வரை உயரும். கைது அதிகாரத்தையும் ஆணையோடு சேர்த்துக் கேட்பது நல்லது. கேட்காமல் விடுவதுதான் அதிகம் நடக்கிறது.

பதியாத தாலி

‘ரெஜிஸ்டர் பண்ணாத கல்யாணம், சட்டம் உனக்கு இல்ல’ என்று கணவரின் அண்ணன் சொல்லியிருந்தார். மனைவி இரண்டு வருடம் வாய் திறக்காததற்கு அதுவே பெரிய காரணம். இதில் பாதி உண்மை, பாதி பொய்.

குடும்ப வன்முறைச் சட்டம் மதம் அல்லது வழக்கப்படி சடங்கு செய்து இணைந்தவரையும், பதிவு இல்லாவிட்டாலும், துணையாக ஏற்கிறது. கோயிலில் தாலி ஏறியிருந்தால் பாதுகாப்பு ஆணை கிடைக்கும். கல்யாணப் படம், பத்திரிகை, ஐயரோ பண்டாரமோ சாட்சி என்று ஏதாவது ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். சடங்கு எதுவும் இல்லாமல் சேர்ந்து வாழ்ந்தவருக்கும் காதலனால் அடிபட்டவருக்கும் இந்தச் சட்டம் நீளாது. அவர்களுக்குக் குற்றவியல் சட்டம்தான் வழி. பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதை 2023 முதல் பிரிவு 507A தண்டிக்கிறது, 3 ஆண்டு வரை சிறை.

உண்மையான பாதி வேறு இடத்தில். 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1982 மார்ச் 1-க்குப் பிறகு, பதியாத திருமணத்துக்கு மணவிலக்கும் இல்லை, மனைவி என்ற முறையில் சொத்துப் பங்கும் இல்லை. பிள்ளைகளின் ஜீவனாம்சம் அப்படிப் போய்விடாது. 1950-ஆம் ஆண்டு மணமான பெண்கள், பிள்ளைகள் (ஜீவனாம்சம்) சட்டப்படி, பதியாத உறவில் பிறந்த பிள்ளைக்கும் தகப்பனிடம் கேட்கலாம். பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயர் இருக்கிறதா என்பதை முன்னமே பார்த்துவிடுவது நல்லது. வீட்டைவிட்டு வெளியேறும் பையில் அடையாள அட்டைக்கு அடுத்து அதுதான் இருக்க வேண்டும்.

சம்சு

எல்லோரும் குடியைக் காட்டினார்கள். ‘சம்சுவை (மலிவுச் சாராயத்தை) விட்டா தங்கமான மனுஷன்.’ குடித்துவிட்டு அவர் மண்டோரோடும் (வேலை மேற்பார்வையாளர்) பேசினார், கடைக்காரரோடும் வாதாடினார். அவர்கள் மேல் ஒருநாளும் கை விழவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு விழுந்தது. யாரை அடிக்கலாம் என்ற கணக்கு போதையிலும் தப்பவில்லை. குடி அடியின் வேகத்தைக் கூட்டும் என்பது உண்மை, அதற்கு மருத்துவமும் தேவை. ஆனால் குடி நிறுத்தும் உறுதிமொழியைப் பாதுகாப்பு ஆணைக்குப் பதிலாக ஏற்றுக்கொண்டால், இரண்டும் கிடைக்காது.

தோட்டத்தில் மாறியவை

வழக்கு நடக்கும்போதே கோயில் நிர்வாகம் சில வழக்கங்களை மாற்றியது. அடிதடி விஷயத்தில் சமாதானத் தாள் எழுதுவதில்லை. தலைவர் கேட்பது இரண்டே கேள்வி: “இப்ப வீட்டுக்குப் போனா பயமா இருக்காம்மா? கழுத்தைப் பிடிச்சானா?” இரண்டில் ஒன்றுக்கு ஆமாம் என்றால் மாதர் பிரிவில் இருந்து ஒருவர் அன்றே காவல் நிலையத்துக்கோ மருத்துவமனைக்கோ உடன் போகிறார். நாள், நேரம், சொன்னவர், சொன்னது என்று ஒரு பதிவேடு பூட்டிய அலமாரியில் இருக்கிறது, நகல் பெண்ணுக்கு.

அதிகம் எதிர்ப்பைக் கிளப்பியது இன்னொரு முடிவு. கணவர் வீட்டார் வருடா வருடம் திருவிழாவில் உபயக்காரர். தேர் புறப்படும்போது மாலை மரியாதை கணவருக்கு. நீதிமன்ற ஆணை நடப்பில் இருக்கும்வரை உபயத்தை ஏற்போம், மரியாதையைப் பெற அவர் வரக் கூடாது என்று கூட்டத்தில் முடிவானது. “குடும்பச் சண்டைக்குச் சாமியை இழுக்கறீங்களே!” என்று பாதிப் பேர் எழுந்து போனார்கள். எங்கள் கணிப்பில், இளைஞர் பிரிவில் நடத்திய பேச்சுகள் எல்லாவற்றையும்விட அந்த ஒரு முடிவுக்குத்தான் பந்துக் குழுப் பையன்கள் காது கொடுத்தார்கள். தோட்டத்தில் மரியாதையைப் பங்கிட்டுக் கொடுக்கும் இடம் கோயில். யாருக்குக் கொடுக்கிறது என்பதைப் பையன்கள் பார்த்துக்கொண்டே வளர்கிறார்கள். இவர்களின் ஒன்பது வயது மகன் வகுப்பில் அக்காவைப் பற்றிப் பேசும்போது அப்பாவின் வசையைத்தான் சொன்னான் என்பதை ஆசிரியர் குறித்து வைத்திருந்தார். அவன் இப்போது ஆலோசகரிடம் போகிறான்.

மாமியாரும் உறவினரும் ‘புகாரை வாபஸ் வாங்கு’ என்று வந்தார்கள். வழக்குத் தொடுப்பதா என்பதை முடிவு செய்பவர் அரசாங்க வழக்கறிஞர், மனைவி அல்ல. இதை உறவினர்களிடம் விசாரணை அதிகாரியே சொன்னதும் வற்புறுத்தல் குறைந்தது. வாபஸ் கேட்டுப் பெண் எழுதித் தரும் கடிதம் பெரும்பாலும் கோப்பை மூடவே உதவுகிறது என்பதால், யார் பேனாவை நீட்டினாலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று முன்பே சொல்லி வைத்திருந்தோம்.

வீடுதான் இன்னும் இழுபறி. பாதுகாப்பு ஆணை கணவரை வெளியே நிறுத்தியது, ஆனால் லயத்து வீடு வேலையோடு கட்டியது. அவர் வேலையை விட்டாலோ நீக்கப்பட்டாலோ நிர்வாகம் வீட்டைத் திருப்பிக் கேட்கலாம். மனைவியும் அதே தோட்டத்தின் நேரடித் தொழிலாளி என்பதால், அவர் பெயருக்கு வீட்டை மாற்றும்படி ஆணையின் நகலோடு மேனேஜருக்குக் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரப்பர் முத்திரை வாங்கியாயிற்று. கிராணி (தோட்ட அலுவலக எழுத்தர்) முதலில் முத்திரை போட மறுத்தார். மண்டோர் சொன்ன பிறகு போட்டார். மருந்தடிக்கும் வேலையைக் காண்ட்ரேக்ட் ஆளிடம் கொடுத்துவிடும் தோட்டங்களில் இந்த வழி அடைபடும். அங்கே வேலை நியமனக் கடிதம் யார் பெயரில், யார் கொடுத்தது என்பதை முதல் நாளே கேட்க வேண்டும்.